மங்கம்மா கிணற்றுப் பொன்

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் கோவிந்தப்பன் அவர்களே! ஆன்ற பெரியோர்களே! காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தேன்கனிக்கோட்டைக் கடைசி பஸ்ஸை நினைத்துக் கவலைப்படும் தோழர்களே! வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. வழி தவறாதிருக்க மூன்றாக வகுத்து வந்தேன். ஒன்று: இயற்கை வள அளவைச் சட்டம் நல்ல சட்டம். இரண்டு: அளக்க வந்த அதிகாரி குற்றமற்றவர். மூன்று: நம் மனுவுக்கு மேலிடத்துப் பதில் வரும்வரை நாம் பொறுத்திருக்க வேண்டும்.

முதலாவது. மண்ணுக்குள் மறைந்திருப்பதை மக்களுக்குக் காட்ட வந்த சட்டம் அது. இரும்பு உண்டா? எழுது! சுண்ணாம்பு உண்டா? எழுது! எழுதிய இடத்தில் எவனும் தோண்டாதே! என்ன அழகு! வளம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், தொடத்தான் கூடாது. பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், சட்டத்தைப் பார்த்து அல்ல என்றே நம்புகிறேன்.

இரண்டாவது. அதிகாரி தஞ்சாவூர்ச் சீமைக்காரர், நிகண்டை நெட்டுருப் போட்டவர். நம் மங்கம்மா வெட்டிய கிணற்றில் ஊற்று எட்டிப் பார்க்கும் வேளையில் வந்து சேர்ந்தார். மேலே கிடந்த மஞ்சள் கல்லைக் காட்டி, "இது என்ன கல் அம்மா?" என்றார். மண்கூடையை இறக்காமலே மங்கம்மா சொன்னார்: "ஏமோ சாமி!"

தெலுங்கில் அதற்கு 'யார் கண்டது' என்று பொருள், நமக்குத் தெரியும். அதிகாரியின் காதுக்கோ தமிழைத் தவிர வேறெதுவும் எட்டாது! ஏமம் என்றால் பொன் அல்லவா?

"ஏமமா!"

"அட, ஏமோ, ஏமோ!"

இருமுறை கேட்டு உறுதி செய்தார். பக்கத்தில்தானே கோலார்? பொன் என்று எழுதினார். கிணறு வெட்டுவது நின்றது. இதில் அவர் குற்றம் என்ன? படித்த குற்றம்தான்!

மூன்றாவது, பொறுமை. பொறுத்தார் பூமி ஆள்வார். ஆளலாம், தோண்டத்தான்... என்ன மங்கம்மா, எழுந்துவிட்டீர்கள்?

"நான் பொறுத்துக்குவேன் வாத்தியாரே. எங்க எருமை பொறுக்குமா? அதுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்க. தெலுங்குல சொல்லுங்க, தமிழ் தெரியாது!"

சிரிக்காதீர்கள். அம்மா, எருமையின் கட்சிதான் நியாயம்.

விடியட்டும்! அந்தக் கிணற்றில் கடப்பாரை விழட்டும்! பொன் வந்தால் சர்க்கார் அள்ளட்டும். தண்ணீர் வந்தால் நாம் மொள்வோம்! யார் சொன்னது என்று கேட்டால், ஜெபமணி வாத்தியார் சொன்னார் என்று சொல்லுங்கள். நானும் கூடை தூக்க வருவேன். பிறகு என்ன ஆகும் என்கிறீர்களா? ஏமோ!

செவிசாய்த்த அனைவருக்கும் நன்றி, வணக்கம். தலைவரே, தீர்மானத்தில் 'பொறுத்திருப்போம்' என்பதை அடித்துவிடுங்கள். நான் மூன்றாவதாகச் சொன்னது தவறு.