ஹமீது பீவி டீச்சர் கேட்ட அணிந்துரை

மேடையில் என்னோடு அமர்ந்திருக்கும் இலக்கிய மன்றச் செயலாளர் கணேஷ்ராம் அவர்களே, மன்றத்து நண்பர்களே, காயல்பட்டினத்திலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் வந்திருக்கும் ஹமீது பீவி டீச்சரின் உறவினர்களே, முன்வரிசையில் இருக்கும் மகள் அஃப்ராவே, டீச்சரிடம் கணக்குப் படித்துவிட்டு இன்றைக்குத் தங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் மாணவிகளே, எல்லோருக்கும் மன்றத் தலைவன் சங்கரசுப்பிரமணியனின் வணக்கம். இந்த மேடையில் ஏறினால் என் குரல் தானாக உயரும் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இன்றைக்கு உயராது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், மைக்கைக் கிட்டே இழுத்துக்கொள்கிறேன்.

யாரை இழந்திருக்கிறோம்? முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேலப்பாளையத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நல்லாசிரியரை இழந்திருக்கிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பு போதும் என்று ஒரு தகப்பன் சவூதியிலிருந்து போனில் சொல்லிவிட்டால், அந்தத் தகப்பனுக்கே போன் போடுகிற ஆசிரியர் அவர். "தம்பி, நீங்க அங்கன கிடந்து பாடுபட்டு அனுப்புததை இங்கன கணக்குப் பாக்க ஒரு ஆளு வேண்டாமா? பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க" என்று சொல்வார். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார், மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்பில் இருக்கும். அந்தப் பிள்ளைகள் பலர் இந்தக் கூடத்தில் இருக்கிறார்கள்.

நம் மன்றத்துக்கு அவர் செய்தது என்ன? நாம் எழுதியதையெல்லாம் அச்சுக்குப் போகும் முன் அவர் வாசித்தார். கணக்கு டீச்சர் கண்ணுக்குத் தப்புகிற பிழை உண்டா? என் நாவலைக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, உங்க சித்தப்பாவ நாப்பதாம் பக்கத்துல எரிச்சாச்சு. எழுபத்தோராம் பக்கத்துல உக்காந்து காப்பி குடிக்காவ. எதை மாத்தணும்னு சொல்லுங்க" என்றார். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவரும் அன்றைக்குச் சிரித்தார். என் சித்தப்பாவைக் காப்பாற்றிக் கொடுத்த அந்த அம்மையாருக்கு நான் என்ன செய்தேன்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். புகழ்ந்து பேசிவிட்டு இறங்கிப் போக எனக்கு இன்றைக்கு உரிமை இல்லை.

டீச்சர் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயர் 'ஐந்நூறு பேருக்கு உலை'. நம் பக்கத்து ஆண்கள் எத்தனை பேர் வளைகுடா நாடுகளில் தொழிலாளர் முகாம்களில் சமையல் செய்கிறார்கள்! வீட்டில் உப்பு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று தெரியாதவர்கள், அங்கே போய் ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிறார்கள். காயல்பட்டினம் தொடங்கி ஆழ்வார்குறிச்சி வரை அப்படிப்பட்டவர்களை டீச்சர் தேடித் தேடிப் பேசினார். பேசியதையெல்லாம் போனிலேயே ஒற்றை விரலால் தட்டச்சு செய்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் அஃப்ரா அதைப் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொடுத்தாள். பதிப்பகத்துக்கு அனுப்பலாமே என்று நான் கேட்டேன். "அவுக எடுத்துப் பாத்து, வரிசையில வச்சு, அதுக்குள்ள ஒரு வருசம் ஓடிரும் அண்ணாச்சி. காத்துக் கிடக்க எனக்கு நேரமில்ல, நானே போட்டுருதேன்" என்றார். யாருக்கும் காத்திருக்கக் கூடாது என்றுதான் சொந்தமாக அச்சிட முடிவு செய்தார். அவரைக் காக்க வைத்தவன் நான்.

நம் மன்றத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அது புதிதாக இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் யார் புத்தகம் போட்டாலும் முதலில் தலைவர் அணிந்துரை எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் செயலாளர் வாழ்த்துரை எழுதுவார், மற்றவர்கள் அதற்கும் பிறகு. தலைவர் எழுதாமல் மற்றவர் எழுதினால் மரியாதைக் குறைவு. முதல் பந்தி எழுந்திருக்காமல் இரண்டாம் பந்தி உட்காருமா? இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் இதை மீறி இங்கே ஒரு புத்தகம் வந்ததில்லை. டீச்சரும் மீறவில்லை. சென்ற ஆடி மாதம் சுருள்கம்பி போட்ட பிரதியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, "பைய வாசிங்க அண்ணாச்சி, ஆனா வாசிச்சிருங்க" என்றார்.

நான் வாசிக்கவில்லை. தலைப்பைப் பார்த்தேன், முதல் பக்கத்தில் ஆட்டுக்கறி என்று இருந்ததைப் பார்த்தேன், மூடிவிட்டேன். "சைவப் பிள்ளை, பிரியாணிக்கு அணிந்துரை எழுதணுமாம்" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். சமையல் குறிப்புதானே, எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சோம்பல் என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அது சோம்பல் இல்லை, இளக்காரம். அதை இந்த மேடையில் சொல்லாமல் எங்கே சொல்வது?

அவர் போன் செய்து, "வாசிச்சிட்டியளா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாசித்தவன் மாதிரி ஏதாவது ஒரு திருத்தம் சொல்வேன். முதலில், "புத்தகம் சின்ன அளவா இருக்கு டீச்சர், டெம்மி அளவுக்கு மாத்துங்க" என்றேன். பக்க அளவை மாற்றினால் என்ன ஆகும் என்று புத்தகம் போட்டவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கமும் நகரும், பொருளடக்கம் மாறும். டீச்சர் கடைசியில் சமையல்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரு பெயர் அடைவு போட்டிருந்தார், யார் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று. அதையும் முதலிலிருந்து போட வேண்டும். கையாலேயே உட்கார்ந்து போட்டார். அடுத்த தடவை, "எழுத்து பொடிசா இருக்கு, கொஞ்சம் பெருசாக்குங்க" என்றேன். மறுபடியும் எல்லாப் பக்கமும் நகர்ந்தது. மறுபடியும் அடைவு போட்டார். ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. நான் சொல்கிற திருத்தமெல்லாம் வாசித்துவிட்டுச் சொல்கிற திருத்தம் என்று நம்பினார். அவர் அப்படித்தானே நமக்குத் திருத்தம் சொன்னார்?

இந்த மேடையில் இருக்கும் கணேஷ்ராம் என்னிடம் ஒரு தடவை கேட்டார். "அண்ணாச்சி, டீச்சர் புத்தகம் என்னாச்சு? நீங்க எழுதிட்டா நான் ஒரு பக்கம் எழுதிக் குடுத்துருவேன்" என்றார். "எழுதிக்கிட்டே இருக்கேன் வே" என்றேன். ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. கணேஷ்ராம், தலையைக் குனியாதேயும். என்னை நெருக்கியிருக்கலாம் என்று நேற்று நீர் வருத்தப்பட்டீர். உம்மேல் தப்பில்லை, நெருக்கியிருந்தாலும் இன்னொரு திருத்தம்தான் சொல்லியிருப்பேன்.

கடைசியாக நான் சொன்ன திருத்தத்துக்கு வருகிறேன். எழுத்தைப் பெரிதாக்கியதில் பக்கம் கூடிவிட்டது என்று டீச்சர் வருத்தப்பட்டார். எல்லோருக்கும் நான் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. அதை இவருக்கும் சொன்னேன். "சொந்தக் கதை ஏதாவது இருந்தா எடுத்துருங்க டீச்சர். புத்தகம் பொதுவா இருக்கணும். ஒரு அத்தியாயம் குறைஞ்சா ஒண்ணும் கெட்டுப்போகாது." "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "எடுத்துட்டேன் அண்ணாச்சி. இப்ப பக்கம் சரியா இருக்கு. இனிமே எழுதிருவியள்லா?" என்றார். இந்த வாரமே எழுதிவிடுகிறேன் என்றேன். எந்த அத்தியாயத்தை எடுத்தார் என்று கேட்கவில்லை. வாசித்திருந்தால் அல்லவா கேட்கத் தோன்றும்! அந்த வாரத்தில்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே நம்மை விட்டுப் போய்விட்டார்.

நல்லடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து அஃப்ரா என் வீட்டுக்கு வந்தாள். "மாமா, உம்மா முதல்ல உங்கள்ட்ட குடுத்த பிரதி இருக்கா?" என்று கேட்டாள். இருக்கும், எதற்கு என்றேன். "வாப்பாவப் பத்தி எழுதுன அத்தியாயம் அதுல மட்டுந்தான் இருக்கு. உம்மா போன்ல அழிச்சிட்டாங்க. நானும் பழைய கோப்பு மேலயே புதுசப் போட்டுட்டேன். நீங்க வாசிச்சிருப்பியள்லா, கடைசி அத்தியாயம்" என்றாள். நான் தலையாட்டினேன். அந்த நேரத்திலும் தலையாட்டினேன்.

பிரதி என் மேசையில், மற்றவர்கள் கொடுத்த பிரதிகளுக்கு அடியில் இருந்தது. கொடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, ஒரு தாளின் ஓரம்கூட மடங்கவில்லை. அஃப்ராவைக் காப்பி குடிக்கச் சொல்லிவிட்டு, உள்ளறையில் நின்றுகொண்டே அந்த அத்தியாயத்தை வாசித்தேன். டீச்சரின் கணவர் சேக் முகம்மது சவூதியில், தமாம் நகரத்து முகாம் ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். அவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்து வீட்டில் முதல் தடவை சமைத்த கதை அது. வீட்டில் இருந்தது மூன்று பேர். அவருக்கு மூன்று பேருக்குச் சமைக்கத் தெரியவில்லை. கையில் அள்ளினால் அள்ளியது அவ்வளவும் முகாம் அளவு. தெரு முழுக்கக் கொடுத்த பிறகும் மிச்சம் இருந்தது. டீச்சர் அன்று ராத்திரி அவருக்கு உழக்கால் அரிசி அளக்கச் சொல்லிக்கொடுத்தாராம். அவர் அளந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு கொஞ்சமாவா நாம இருக்கோம்?" என்று கேட்டாராம். நண்பர்களே, அதற்குமேல் என்னால் அங்கே நின்று வாசிக்க முடியவில்லை. நான் படித்துப் பட்டம் வாங்கி, பாடம் நடத்தி, நாவல் எழுதி, என் வாழ்நாளில் இப்படி ஒரு வரி எழுதியதில்லை. இதைத்தான் எடுத்துவிடச் சொன்னேன். வாசிக்காமலே சொன்னேன்.

நீங்கள் வாசிக்காமல் வைத்திருந்ததால்தான் அந்தப் பிரதி பிழைத்தது என்று வீட்டில் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். தயவுசெய்து வேறு யாரும் அந்த ஆறுதலைச் சொல்ல வேண்டாம். நான் வாசித்திருந்தால் அந்த அத்தியாயம் எடுக்கப்பட்டே இருக்காது. டீச்சர் தன் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார்.

இந்தக் கூட்டம் தொடங்கும் முன் வாசலில் ஒருவர் என்னை நிறுத்தினார். ஆழ்வார்குறிச்சி பிச்சைக்கண்ணு, சார்ஜாவில் சமையல் பார்த்தவர், அதோ தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறார். "சார், டீச்சர் எங்கூட ரெண்டு நாளு உக்காந்து பேசுனாவ. எம் பேரு அச்சுல வரும்னு சொன்னாவ. பொஸ்தகம் வந்துட்டா?" என்று கேட்டார். அவருக்கு வாசலில் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். வரும். சித்திரைக்குள் வரும்.

எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் முதலில் எழுதியபடியே, முதலில் வைத்திருந்த அளவிலேயே வரும். கடைசி அத்தியாயம் அதன் இடத்தில் இருக்கும். அணிந்துரை இருக்காது, வாழ்த்துரை இருக்காது. இனி இந்த மன்றத்தில் எவர் புத்தகமும் தலைவரின் அணிந்துரைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று நேற்றே செயற்குழுவில் சொல்லிவிட்டேன். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பழைய கோப்பு இல்லாததால் அஃப்ரா எல்லாவற்றையும் புதிதாக அடுக்குகிறாள்; பக்கங்கள் திரும்பவும் நகர்வதால் பெயர் அடைவை மறுபடியும் போட வேண்டும். அதை நான் போடுகிறேன், கையால்தான் போடுகிறேன். நான் சொன்ன திருத்தத்துக்குப் பிறகு அந்த அடைவில் சேக் முகம்மது என்ற பெயரே இல்லாமல் போயிருந்தது. போன வாரம் அதை எழுதிச் சேர்த்தேன். டீச்சர் விட்ட வேலையை மன்றம் எடுத்துச் செய்யும் என்று உறுதி சொல்வது மரபு. நான் மன்றத்தின் பேரில் சொல்லவில்லை, என் பேரில் சொல்கிறேன். இனி என்னிடம் வரும் எதையும் கடைசிப் பக்கம் வரை வாசிக்காமல் வாய் திறக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன். நேற்று அஃப்ரா இறுதி மெய்ப்பைக் கொண்டுவந்தாள். அதில் டீச்சரின் 'என்னுரை' இருக்கிறது. அச்சுக்குத் தயாராக இருக்கட்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். அதில், 'இந்நூலை வரி வரியாக வாசித்து, பொறுமையோடு திருத்தங்கள் சொன்ன அண்ணாச்சி சங்கரசுப்பிரமணியன் அவர்களுக்கு என் முதல் நன்றி' என்று இருந்தது. நான் அஃப்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இன்று உங்களிடம் சொன்னது போலவே சொன்னேன். சொல்லிவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடு தாயீ என்று கேட்டேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க சொன்னியன்னு உம்மா ஒரு அத்தியாயத்தையே எடுத்தாங்க மாமா. இனிமே உம்மா எழுதுனதுல ஒரு வரியும் எடுக்க மாட்டேன்."

அந்த வரி அச்சாகிறது. புத்தகத்தை வாசிக்கும் எல்லோரும் அதை நம்புவார்கள். டீச்சரும் நம்பிக்கொண்டுதான் போனார். பேச்சை முடிக்கும்போது நன்றி சொல்லி அமர்வது என் வழக்கம். இன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வாய் கூசுகிறது.