சாமி காவும் தோள்

கோட்-டெ-நெய்ஜ் தெருவில் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பேர். மூத்தவருக்கு என் வயது, ஐம்பது தாண்டியவர். மடியில் ஜிம் பை.

"தோள் கிழிஞ்சு தைச்சு, பேந்து நியூமோனியாவும் வந்து, ஏழு மாசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் பாரம் தூக்கப் போறன்."

நியூமோனியா என்றதும் நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். வந்தது. தோளையும் ஒருமுறை தடவிக்கொண்டேன்.

"எத்தினை கிலோ, அண்ணை?"

"ரெண்டு. முந்தி அறுபது தூக்கினனான். திருவிழாவுக்கு ஆறு கிழமைதான் கிடக்கு. சாமியைத் தோளில காவேக்க என்ர பக்கம் சரிஞ்சால்?"

"சரியாது."

"உனக்கென்னடா தெரியும்?"

இளையவர் குரலைத் தாழ்த்தினார். நான் தலையை முன்னே நீட்டினேன்.

"உங்களுக்குப் பின்னால நான்தானே நிக்கிறனான். முதுகு பிடிச்சு மூண்டு வருசம். சாமி காவுற தடியில கையை மட்டும்தான் வைக்கிறனான்."

மூத்தவர் அவரையே பார்த்தார்.

"அடப்பாவி! அப்ப உன்ர பாரத்தையும் நானெல்லோ காவினனான்!"

"அதுதான் அண்ணை, இந்த வருசம் நீங்கள் சும்மா கையை வையுங்கோ."

"ரெண்டு பேரும் கை வைச்சால் சாமி ஆரின்ர தோளில வாறது?"

பஸ் நின்றது. மூத்தவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இளையவரின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"இறங்கு. நீயும் ஜிம்முக்கு வா."