காரம் என்றுதான் சொன்னேன்

நுரையை வைத்துச் சோப்பை மதிப்பிடக் கூடாது, இன்ஸ்பெக்டர் சார். எங்கள் தெரு போர்வெல் தண்ணீரில் இந்திரனே இறங்கிக் குளித்தாலும் நுரை வராது. அவ்வளவு உப்பு.

சௌந்தரபாண்டியன் என்று எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்துநான்கு வருடம் வேதியியல் வாத்தியார். ஓய்வு பெற்ற மறுநாளே சோப்புக் காய்ச்ச உட்கார்ந்துவிட்டேன். வேப்பெண்ணெய், நல்லெண்ணெய், மணத்துக்கு எலுமிச்சைப்புல் தைலம், வெட்டிவேர்த் தைலம், லவங்கத் தைலம். வில்லை போட்டு ஆறு வாரம் நிழலில் காயவைப்பேன். அந்த மணத்துக்கு, கயத்தாறில் இறங்க வேண்டிய ஒரு பஸ் ஜனம் மொத்தமும் கோவில்பட்டியிலேயே இறங்கிவிட்டது. எட்டயபுரத்தில் என் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிய எருமையைப் பசு என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் இல்லை.

எதிர்வீட்டு லிங்கராஜுக்கு மட்டும் பொறுக்கவில்லை. அவர் விளாத்திகுளத்துக்காரர். மிளகாய் வத்தல் வாங்கும் வியாபாரிகள் அவர் நாக்கைத்தான் நம்புவார்கள். ஒரு விதையை நாக்கில் வைத்தால் எந்த ஊர்க் கரிசல், மழைக்கு முந்திப் பறித்ததா பிந்தியா என்று சொல்லிவிடுவார். அந்த நாக்குதான் அந்த வீட்டில் உலை வைத்தது. அதே நாக்கை என் மேலும் வைத்தார்.

என் மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் என் சோப்பையே போட்டுக் கொடுத்தேன். கை கழுவும் இடத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், லிங்கராஜ் சொன்னார்: “அண்ணாச்சி, அரை மணி நேரமாத் தேய்க்கேன். சோப்புல நுரை வரல. எனக்குத்தான் நுரை தள்ளுது.”

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு நுரை வாத்தியார் என்று பெயர். பால்காரர்கூட அப்படித்தான் வீடு விசாரித்தார். இரண்டு வருடம் நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன மாதம் ஒரு காலையில், சோப்புக்காகக் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஆறவைத்திருந்தேன். ஆறிவிட்டால் பார்வைக்கு வெறும் தண்ணீர். ஒரு கிண்ணத்தில் எடுத்து மூன்று சொட்டு எலுமிச்சைப்புல் தைலம் விட்டேன். விருந்தாளிக்கு மணமில்லாமல் எதையும் கொடுக்கக் கூடாது. பிறகு வாசலில் நின்று லிங்கராஜைக் கூப்பிட்டேன். மனைவி இசக்கிச்செல்வியோடு வந்தார்.

“என்ன நுரை வாத்தியாரே, இன்னைக்கு என்ன கசாயம்?”

“இது காரம் அண்ணாச்சி. உங்க நாக்கு தாங்காது.”

“என் நாக்கு தாங்காத காரமா? சம்பா வத்தலை அவல் மாதிரி மெல்லுதவன்கிட்டப் போயி இதச் சொல்லுதீரே. கொண்டாரும்.”

பத்தாம் வகுப்புப் பாடம் உங்களுக்கும் நினைவிருக்கும். அமிலம், காரம். காரம் சிவப்பு லிட்மஸை நீலமாக்கும். காஸ்டிக் சோடா வலிய காரம். நான் ஒரு எழுத்துப் பொய் சொல்லவில்லை. அவர் மிளகாய்க் காரம் என்று எடுத்துக்கொண்டது அவருடைய படிப்பு.

மிளகாய்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பந்தயம் என்று வந்துவிட்டால், நாக்கில் வைத்ததைப் பத்து எண்ணும் வரை துப்பக் கூடாது. முகம் சுளித்தால் தோல்வி. எண்ணுவது எதிராளி. எனக்கு அது தெரியும்.

அவர் ஒரு வாய் முழுக்க எடுத்துக்கொண்டார். நான் எண்ணினேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். நான்கில் அவர் கண் நிரம்பியது. ஆறில் வேட்டியைக் கொத்தாகப் பிடித்தார். ஏழு என்பதை இரண்டு தடவை சொன்னேன், வயதாகிவிட்டது, மறந்துபோகிறது.

“அண்ணாச்சி, அவிய மூஞ்சியப் பாருங்க. போதும், நிப்பாட்டுங்க” என்றாள் இசக்கிச்செல்வி.

“எட்டுதாம்மா ஆகுது” என்றேன்.

பத்து சொல்லும் வரை மனிதர் துப்பவில்லை. அவ்வளவு ரோசம். அப்புறம் சைகையில் தண்ணீர் கேட்டார். வீட்டில் இரண்டு குடம் இருந்தது. உப்புத் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அதற்குள் அவர் வாயோரம் நுரை தள்ளியது. வெள்ளையாக, நெருக்கமாக, பொடி நுரை. என் கையால் வந்த முதல் நுரை, சார். கண் எடுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நல்ல சோப்பு வில்லையாக ஒன்று எடுத்துப் போனேன். கை தவறிக் கிண்ணம் மாறிவிட்டது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். இசக்கிச்செல்வி வெளியே உட்கார்ந்திருந்தாள்.

“பேச்சு வரல அண்ணாச்சி. இனி ருசியும் தெரியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. ஒத்த வத்தலைக் கையில வச்சு மோந்து மோந்து பாக்காவ. நீங்க காரம்னுதான சொன்னிய? அது என்ன காரம்?”

கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க வாத்தியாரால் முடியாது. பையிலிருந்த லிட்மஸ் தாளை வைத்து முழுப் பாடமும் நடத்தினேன். ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டாள். எழுந்து நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், தெரிந்துதான் கொடுத்தேன். தெரிந்துதான் மெதுவாக எண்ணினேன். ஆனால் அவர் சொன்னது தப்பு, சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர்தான் சரியில்லை, சோப்பில் குறை இல்லை. இந்த ஸ்டேஷன் குழாயில் வருவது சுத்தமான ஆற்றுத் தண்ணீர் என்று ஏட்டையா சொன்னார். வில்லை சட்டைப்பையிலேயே இருக்கிறது. இதோ, உங்கள் கண் முன்னாலேயே தேய்க்கிறேன், பாருங்கள்.

கொஞ்சம் பொறுங்கள்.

ஏட்டையா பொய் சொல்லியிருக்கிறார், சார். இதுவும் உப்புத் தண்ணீர்தான்.