பாதி இடம்

— நான் ஏற்கெனவே ஒருதடவை செத்தவன், மச்சான். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னாடி. குறைச்சுத்தான் சொல்றேன். உங்க அக்காவே அதுக்குச் சாட்சி.

— அக்கா இனிமே எதுக்கும் சாட்சி சொல்ல முடியாது, அத்தான். டீயைக் குடிங்க. ஆறி ஆடை கட்டிருச்சு.

— சார், நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நின்னா நான் எப்படிக் குழி வெட்டுறது? மழை வேற வர்ற மாதிரி இருக்கு. அகலம் வழக்கம்போலத்தானே?

— இல்ல. ரெண்டு மடங்கு வெட்டுங்க. அப்புறம், இந்தப் பக்கச் சுவர் கோணலா இறங்குது. நூல் பிடிச்சு வெட்டக் கூடாதா?

— முப்பது வருஷமா வெட்டுறேன் சார். உள்ளே போனவங்க யாரும் கோணல்னு சொன்னதில்ல.

— அவர் பேச்சைக் காதுல வாங்காதீங்கண்ணே. வழக்கம்போலவே வெட்டுங்க. நேத்திலேர்ந்து இப்படித்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. டாக்டர் வந்து அக்கா போயிட்டாங்கன்னு சொன்னப்போ, "காதுல மாட்டியிருக்கிற அந்தக் குழாயை ஒருதடவை உதறிட்டுக் கேட்டுப் பாருங்க"ன்னார்.

— உதறிப் பார்த்திருக்கலாம்ல? என்ன குறைஞ்சுடும்?

— சரி சார், ரெண்டு மடங்கு எதுக்கு? அம்மா பருமனா?

— பருமனா! காத்தடிச்சா என் சட்டையைப் பிடிச்சுக்குவா, அப்படி இருப்பா. பாதி அவளுக்கு. பாதி எனக்கு.

— ஐயையோ.

— அத்தான், போதும்.

— மூணு பேரும் ஒரே வேலை பார்த்தோம் குழிக்காரரே, தொல்லியல்ல. நான் தோண்டுறவன். அவ வரையறவ. இந்த மச்சான் போட்டோ எடுக்கிறவன். நீங்க உள்ளே வைக்கத் தோண்டுறீங்க, நாங்க வெளியே எடுக்கத் தோண்டினோம். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு மலைக்குகை. உள்ளே போனா பல்லு தந்தியடிக்கும். வௌவால் ஒவ்வொண்ணும் குடை சைஸு.

— கைக்குட்டை சைஸு.

— விரிச்சுப் பார்த்தியா நீ? அந்தக் குகைத் தரையைத் தூரிகையால வருடி வருடி இறங்கினா, ஒரு குழி. குழிக்குள்ள ஒரு பொம்பளை. எலும்புதான். ஒருக்களிச்சு, முழங்காலை மடக்கி, மேலெல்லாம் செங்காவி தூவி, என்னமோ இப்பத்தான் கண்ணசந்தவ மாதிரி. ஆனா குழியில ஒரு ஓரமாத்தான் படுத்திருந்தா. மிச்சப் பாதி காலி.

— காலியா? இடத்தை வீணாக்குவாங்களா சார்?

— அப்படிக் கேளுங்க! எங்க அதிகாரி, கூடை வெச்சிருப்பாங்க, மக்கிப்போச்சுன்னார். இவதான் சொன்னா, "இது யாருக்கோ விட்ட இடம். வரவேண்டியவன் வரல"ன்னு. ஆள் படுத்தா பத்துமான்னு பார்த்துடலாம்னு நான் இறங்கிட்டேன். ஒரு எலும்புல விரல் படாம, பாம்பு மாதிரி.

— தோண்டுறவன் எவனாவது குழிக்குள்ள போய்ப் படுப்பானா? அதிகாரி பார்த்திருந்தா அன்னைக்கே வேலை போயிருக்கும். கட்டுக்கதைண்ணே இது.

— அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு! மேலே பலகையில குப்புறப் படுத்து இவ வரைஞ்சுக்கிட்டிருந்தா. குழி மேல நூலால கட்டம் கட்டியிருப்போம். ஒரு கட்டத்துக்குள்ள தெரியறதை மட்டும் தாள்ல ஏத்தணும், அக்கம்பக்கம் பார்க்கக் கூடாது. இவ வேலையில உட்கார்ந்தா வீடு பத்தி எரிஞ்சாலும் தெரியாது. என் முழங்காலை வரைஞ்சா. விலாவை வரைஞ்சா. எனக்கு உடம்பு பூரா புழுதி, அந்தக் காலத்துல எலும்புக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமும் கிடையாது. மூஞ்சி இருந்த கட்டத்துக்கு வந்தப்புறம்தான் பார்க்கிறா, எலும்புக்கூட்டுக்கு மீசை!

— ஹஹ்ஹா... மன்னிச்சுக்குங்க சார். இந்த நேரத்துல சிரிச்சுட்டேன்.

— சிரிங்க, சிரிங்க. அவ சிரிச்ச சிரிப்புல மூணு மலை தள்ளி மேஞ்ச ஆடெல்லாம் ஓட்டமா ஓடுச்சு. அப்புறம் பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டுச் சொன்னா: "நான் போனா என்னையும் இப்படி ஓரமா வைங்க. பக்கத்துல பாதி இடம் விடுங்க." அப்ப எங்களுக்குக் கல்யாணம்கூட ஆகல. சரின்னேன். அப்படியே தூங்கிட்டேன்.

— அக்கா அப்படிச் சொல்லல.

— உனக்கென்ன தெரியும்? நீ வெளியே பிலிம் மாத்திக்கிட்டு இருந்தே.

— வீட்டுக்கு யார் வந்தாலும் இதே கதை. ஒருதடவை, அந்தப் பொம்பளை கொட்டாவி விட்டான்னு சொன்னீங்க. இன்னொருதடவை, உங்க பக்கம் திரும்பிப் படுத்தான்னீங்க.

— அது சும்மா ருசிக்கு. இது நிஜம்.

— எது நிஜம்னு உங்களுக்கே தெரியாது, அத்தான்.

— சார், இருட்டுறதுக்குள்ள முடிவு சொல்லுங்க. மண்ணு மூடினப்புறம் பக்கத்து இடம் கேட்டா நான் பொறுப்பில்ல. அதை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. ரெண்டு பேரும் ஒரே சொல்லாச் சொன்னாத்தான் மறுபடி கடப்பாரையை எடுப்பேன்.

— மச்சான், நான் ஒண்ணைப் பத்தாக்கிச் சொல்றவன்தான். ஆனா அவ என்கிட்ட கேட்டது இந்த ஒண்ணுதான்டா. இதை நான் பத்தாக்கல.

— பாதி இடம் விட்டா நாளைக்கே வந்து படுத்துக்குவீங்க. எனக்குத் தெரியாதா? நேத்திலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல. மாத்திரை டப்பாவைத் தொடல.

— மறந்துட்டேன். அவதானே எடுத்துக் கொடுப்பா.

— பார்த்தீங்களா.

— உள்ளே ஒண்ணும் தோணல, மச்சான். கையைக் கிள்ளினா வேற யாருக்கோ வலிக்கிற மாதிரி இருக்கு. அதான் பேசிக்கிட்டே இருக்கேன். நிறுத்தினா என்ன வரும்னு தெரியல. என்னடா அப்படிப் பார்க்கிறே?

— குழிக்காரண்ணே.

— சொல்லுங்க சார்.

— ரெண்டு மடங்கே வெட்டுங்க. அக்காவை இடது ஓரமா வைங்க.

— மச்சான்...

— இந்தாங்க தண்ணி, முதல்ல மாத்திரையைப் போடுங்க, என் சட்டைப் பையிலதான் எடுத்துட்டு வந்திருக்கேன். அன்னைக்கு நான் பிலிம் மாத்தி முடிச்சுட்டேன், அத்தான். குகை வாசல்லதான் நின்னேன். எல்லாம் நடந்துச்சு. மீசை, சிரிப்பு, அக்கா கேட்டது, எல்லாம். நீங்க குறட்டை விட ஆரம்பிச்சதும் அக்கா என்னைப் பார்த்துட்டு மெதுவா இன்னொண்ணும் சொன்னா: "எழுப்பாதேடா. இவர் அவசரப்பட்டு வந்துடாம நீதான் பார்த்துக்கணும். இந்தப் பொம்பளை ஐயாயிரம் வருஷமா அலுக்காமப் படுத்திருக்கா, நான் கொஞ்ச காலம் காத்திருக்க மாட்டேனா?"