மொம்பாசா தள்ளிப்போகும் தூரம்

எழுபதுகளின் தொடக்கம். திருப்பூர் தபாலாபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி பனியன் கம்பெனியில் துணி பார்த்து மடிக்கிறவள். மெக்கானிக்கான அவள் புருஷன் கடல் தாண்டி ஆப்பிரிக்காவில் மொம்பாசா மில்லுக்குப் போய் இரண்டு வருஷமாம். மற்றவர் பூகோள டீச்சர். வரிசை நகரவே இல்லை. அதனால் முழுதும் கேட்டேன்.

“மொம்பாசா வருஷா வருஷம் நம்மளை விட்டுத் தள்ளிப் போவுது, அம்மிணி,” என்றார் டீச்சர்.

“என்னங்க டீச்சர் சொல்றீங்க?”

“நடுக்கடல்ல அடித்தரை பிளந்துக்கிட்டே இருக்குது. அந்தப் பிளவுல தீக்குழம்பு மேல வந்து, ஆறி, புதுத் தரையாகுது. அப்புறம் அதுவும் பிளக்குது. ரெண்டு கரையும் வெலகிட்டே போவுது.”

“எத்தனை தூரமுங்க?”

“நகம் வளர்ற அளவுதான்.”

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். ஒட்ட வெட்டிய நகங்கள்.

“நகம் பட்டா பனியன் துணியில இழை இழுத்துக்குமுங்க. ஞாயித்துக்கிழமை தவறாம வெட்டறேன். அப்ப, அவரு போனதுல இருந்து இந்தக் கட்டைவிரல்ல வெட்டினதை எல்லாம் ஒட்ட வெச்சா...”

“ஏறக்குறைய அத்தனை அகலத்துக்குத் தரை பொறந்திருக்கும்.”

“அதை ஆராச்சும் பாத்திருக்காங்களா?”

“கண்ணால பாத்தவங்க ஒருத்தருமில்லை. அங்க ஒரே இருட்டு.”

குமாஸ்தா கூப்பிட்டார். அவள் போகவில்லை. ஒதுங்கி நின்று, இன்னும் ஒட்டாத கடுதாசியைப் பிரித்தாள்.

“பேனா குடுங்க டீச்சர். ‘ஏனுங்க, நமக்கு நடுவுல புதுசா ஒரு தரை பொறந்திருக்குதுங்க’ன்னு அவருக்கு எழுதோணும்.”