தானா உடையோணும்

டீ வேண்டாம், ஐயா. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே ஒன்று குடித்துவிட்டேன். சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தான். நீங்கள் குடியுங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன். ஏட்டு எழுதிக்கொள்வதென்றால் எழுதட்டும்.

என் பெயர் குமாரசாமி. காரமடைக்கு மேற்கே எங்களுக்குப் பாக்குத் தோப்பும் வாழைத் தோட்டமும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் யார் பழைய வண்டி வாங்கப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பேன். விற்கிறவன் என்ன பேசினாலும் பதில் பேச மாட்டேன். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கலாம் அல்லது வேண்டாம், அவ்வளவுதான். அந்த வார்த்தைக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கென்று ஒரு ஜீப் வேண்டியிருந்தது. கோயமுத்தூரில் பழைய வண்டி வாங்கி விற்கும் வரதராஜுலுவிடம் போனேன். நல்ல பேச்சுக்காரர். "ஏனுங்க, உங்க கண்ணுக்குத் தப்பி ஒரு ஓட்டை வண்டி இந்த ஜில்லாவுல வித்துருமுங்களா? நீங்க பாக்கோணும்னே அவசியமில்லீங்க, தொட்டாலே தெரிஞ்சுபோயிருமே" என்றார். சுற்றிலும் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பானெட்டைத் தொட்டேன். அன்றைக்குச் சலவை வேட்டி வேறு. மற்றவர்களுக்காகப் புழுதியில் படுத்த நான், எனக்காகக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வாங்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜீப்பை ஓட்டியவன் மயில்சாமி. அவன் அப்பன் எங்கள் தோட்டத்தில் தண்ணீர் கட்டியவன். மயில்சாமி லாரியில் கிளீனராகப் போய், ஓட்டப் பழகி, எங்களிடமே டிரைவராக வந்துவிட்டான். வண்டி வந்த சில நாளிலேயே அவன்தான் சொன்னான், "முன்னால ஒரு சத்தம் வருதுங்க மொதலாளி. பள்ளத்துல எறங்கி ஏறுனா கிர்ருங்குது" என்று.

நான் ஜீப்பை மேட்டுப்பாளையத்தில் கந்தப்பன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கந்தப்பன் அடியில் சுரண்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முன்பக்கம் ஸ்டியரிங் உட்காரும் இடத்தில் சேஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், உடைந்து, வெல்டு வைத்து, மேலே தாரைப் பூசி மறைத்திருக்கிறார்கள் என்றார். "ஊருக்குள்ள மெதுவா ஓட்டுனா ஓடுமுங்க. சுமை ஏத்தி மலைக்கு மட்டும் அனுப்பிப்போடாதீங்க. அத்துக்கிச்சுன்னா ஸ்டியரிங் கையில நிக்காது."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. வரதராஜுலுதான் சொன்னார். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி நான் போய் நின்றதை அவர் சிரிக்கச் சிரிக்கப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார். "பாத்துத்தானுங்களே வாங்குனீங்க" என்றார் என்னிடம், அதே மரியாதையோடு. அடுத்த வாரம் காரமடை பேக்கரியில் பன் வாங்கப் போனால், "நம்ம குமாரசாமி மாமனையே ஏமாத்திப்போட்டாங்களாமா" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். பன்னை வாங்காமல் வந்துவிட்டேன். அப்படியொரு வெட்கம் எனக்கு அதுவரை தெரியாது.

என் சம்சாரம் நாச்சியம்மாள், "அந்தச் சனியன வேற யாருக்காச்சும் வித்துத் தொலைங்க" என்றாள். கோளாறை மறைத்து இன்னொருவன் தலையில் கட்டுவது பாவம் என்று நான் மறுத்துவிட்டேன். அதை மட்டும் நான் செய்யவில்லை, ஐயா.

முறைப்படி போகலாம் என்றுதான் வக்கீல் திருமூர்த்தியைப் பார்த்தேன். நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். வரதராஜுலு தரப்பில், வெல்டு விற்ற பிறகு நாங்களே வைத்தது என்றார்கள். கந்தப்பன் சாட்சிக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். வண்டி வியாபாரிகளைப் பகைத்துக்கொண்டு பட்டறை நடத்த முடியாது, அவரைக் குறை சொல்ல முடியாது. மன்றம் அனுப்பிய நிபுணர் வந்து பார்த்தார். வெல்டு இருப்பது உண்மை, எப்போது வைத்தது என்று மேலாகப் பார்த்துச் சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்தார். போகும்போது வாய்வார்த்தையாக, உடைந்தால் உள்ளே இருக்கும் துருவை வைத்துச் சொல்லிவிடலாம் என்றார்.

நான் உடனே அறுத்துப் பார்த்துவிடலாமே என்றேன். வக்கீல் கையை ஆட்டினார். "நாமளா உடைச்சா நம்ம கைவேலைன்னு சொல்லிப்போடுவாங்கங்க. அது தானா உடையோணும்." அவர் வேறெதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. அடுத்த கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்று முதல் அந்த ஜீப்பில் எங்கள் வீட்டார் யாரும் ஏறவில்லை. பெட்ரோல் நாற்றம் ஆகவில்லை, பஸ்ஸே தேவலை என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி இறக்கிவிடுவேன். மயில்சாமி மட்டும் தினமும் ஓட்டினான். வெல்டைச் சரிபண்ணிவிட்டோமா என்று ஒரு நாள் கேட்டான். "ஆச்சுடா" என்றேன். அவனுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியாது. நான் சொன்னால் சொன்னதுதான்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. நான் காத்திருந்தேன். ஒரு வரப்பில் முட்டும், ஒரு சாக்கடையில் இறங்கும், பம்பர் நசுங்கும், வெல்டு விட்டுப்போகும், படம் பிடித்து மன்றத்தில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மயில்சாமி ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தி இறக்கினான். பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு போகிறவன் மாதிரி ஓட்டினான். எனக்குக் கோபம் வந்தது. "ஏண்டா, மாட்டு வண்டியா ஓட்டற?" என்று வைதிருக்கிறேன். "உங்க வண்டியில்லீங்களா" என்பான்.

ஆடி வந்தது. கோத்தகிரியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குத் தேங்காயும் வாழைத்தாரும் அனுப்ப வேண்டும். எப்போதும் லாரியில் போட்டுவிடுவோம். இந்த முறை ஜீப்பில் அனுப்பலாமா என்று ஒரு யோசனை வந்தது. அதை நானாக முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. பூ வைத்துக் கேட்டேன்.

நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்று ஏட்டு சொன்னார், அதனால் விளக்குகிறேன். எங்கள் பக்கம் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் சாமியிடம் பூ கேட்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெளியே தெரியாமல் வெற்றிலையில் மடித்து நூல் சுற்றிச் சாமி முன்னால் போடுவோம். விஷயம் தெரியாத ஒருவரை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். மீறினவன் எங்கள் பக்கத்தில் கிடையாது.

தோட்டத்திலேயே எங்கள் கருப்பராயன் கோயில் இருக்கிறது. சின்னதுதான், சுற்றிலும் சுவர். மயில்சாமியின் சனம் அந்தச் சுவருக்கு வெளியேதான் நிற்கும். நான் உண்டாக்கிய வழக்கமில்லை என்று சொல்லிக்கொள்வேன். நான் மாற்றியதும் இல்லை. அன்று காலை அவன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் உள்ளேயிருந்து கூப்பிட்டேன். செருப்பை விட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றான். உள்ளே வரச் சொன்னேன். அவன் பின்னால் திரும்பி, வேறு யாரையாவது சொல்கிறேனா என்று பார்த்தான்.

எங்கள் கொங்குப் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' சேர்ப்போம். பஸ் கண்டக்டருக்குச் சேர்ப்போம், பிச்சை கேட்டு வருகிறவருக்கும் சேர்ப்போம். மயில்சாமிக்கும் அவன் அப்பனுக்கும் மட்டும் என் வாயிலிருந்து அது வந்ததே கிடையாது. அன்று வந்தது.

"ஒண்ணு எடுங்க, மயில்சாமி."

அவனுக்குக் காது சிவந்துவிட்டது. வேட்டியில் கையைத் துடைத்துத் துடைத்து, குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். நூலைப் பிரித்தேன். வெள்ளை.

"கேஸு நம்ம பக்கந்தானுங்க மொதலாளி" என்றான். வழக்குக்காகப் பூ கேட்டதாக நினைத்துக்கொண்டான். அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றி ஜீப்பில் ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தான்.

சுமையை நான் நின்று ஏற்றினேன். தேங்காய் மூட்டை கொஞ்சம் கூடுதலாகத்தான் போட்டேன். என் மகன் கதிர்வேல் அத்தை வீட்டுக்குப் போக வேண்டுமென்று சட்டை மாற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டான். கிணற்று மோட்டாரைப் பார்க்க ஆள் வருகிறது, நீ இருந்தாக வேண்டும் என்று கையைப் பிடித்து இறக்கினேன். மோட்டாருக்கு யாரும் வரவில்லை. நீங்கள் இனி எதைக் கேட்டாலும், இந்த ஒன்றுக்கு மேல் சாட்சி தேவைப்படாது.

"போயிட்டு வாரனுங்க" என்றான் மயில்சாமி. நான் தலையை ஆட்டினேன்.

மீதி உங்கள் ஃபைலிலேயே இருக்கும். கோத்தகிரி ரோட்டில் ஒரு வளைவில் சேஸ் விட்டுப்போய், ஜீப் திரும்பாமல் நேராகப் போயிருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர்கள் மேலே தூக்கி வந்தபோது அவன் உயிரோடு இல்லை. தேங்காய் பள்ளம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. தகவல் வந்து அங்கே போனதும் நான் முதலில் ஜீப்பிடம்தான் போனேன். உடைந்த இடத்தைப் பார்த்தேன். உள்ளே பழைய துரு, கருஞ்சிவப்பாக. அப்போது என் மனதில் ஒரு நிம்மதி வந்தது, ஐயா. அதன் பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

வழக்கு ஜெயித்தது. துரு பழையது, விற்பதற்கு முன்பே உடைந்த சேஸ் என்று நிபுணர் எழுதினார். வரதராஜுலுவின் மேல் இப்போது ஒரு உயிர் போன கேஸும் சேர்ந்திருக்கிறது. பேக்கரியில் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். "விடாம நின்னு சாதிச்சுப்போட்டீங்க மாமா" என்றார்கள். நானும் அதை வாங்கிக்கொண்டேன். அன்றைக்குப் பன் வாங்கினேன்.

நேற்று மயில்சாமியின் மனைவி பொற்கொடி வந்தாள். வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டாள். "எங்கூட்டுக்காரருக்கு நாயம் வாங்கிக் குடுத்தீங்க சாமி" என்றாள். நாச்சியம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுப் புறப்பட்டவள் திரும்பி வந்து சொன்னாள்.

"அன்னைக்கு மலைக்குப் போறப்ப ஊட்டு முன்னால வண்டிய நிறுத்திச் சொல்லிட்டுப் போனாருங்க. மொதலாளி கோயிலுக்குள்ள கூப்பிட்டாரு, எடுங்கன்னாரு, மயில்சாமின்னு முழுப்பேரு சொன்னாருன்னு. அப்புடிச் சிரிச்சு நான் அவரைப் பாத்ததே இல்லீங்க."

பேக்கரியில் பட்டதைத்தான் இத்தனை நாளாக நான் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

வரதராஜுலுவை விட்டுவிடாதீர்கள், அவர் உடைசலை மறைத்து விற்றவர். நான் மறைத்ததை மட்டும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். சாமி உத்தரவு கொடுத்துத்தான் அனுப்பினேன் என்று இத்தனை மாதமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சிவப்பு வந்திருந்தால் கண்டிப்பாக அனுப்பியிருக்க மாட்டேன். அதில் நான் வழக்கத்தை மீறுகிறவன் இல்லை.

அதனால்தான் அன்று காலை அரளிச் செடியில் சிவப்பைப் பறிக்கவேயில்லை, ஐயா. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையைத்தான் வைத்துக் கட்டினேன்.