தலையணை தட்டறது

முக்கால்வாசி நாள் வீட்டுலயேதானே இருக்கேன், அப்புறம் பகல்ல அப்பாவப் பாத்துக்க எதுக்கு ஆளுன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான் சிஸ்டர். சொல்றேன். மொதல்ல உக்காருங்க. ஐயோ அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. அப்பா உங்களப் பாத்துட்டு இப்பத்தான் கண்ணசந்தாரு, கொஞ்சம் மெதுவாப் பேசுவோம்.

சேச்சே, முரண்டு பண்ற ஆளெல்லாம் கெடையாது. பக்கவாதம் வந்ததுலேருந்து பேச்சு வராது, இடது பக்கம் அசையாது, அவ்ளோதான். புத்தி தெளிவா இருக்கு. எல்லாம் புரியும். நீங்க உள்ள வந்ததும் வலது கைய நெத்தி வரைக்கும் தூக்கினாரே, பாத்தீங்கல்ல? வந்தவங்களுக்கு வணக்கம் சொல்லாம இருக்க மாட்டாரு.

என் வேலையா? சொன்னா சிரிப்பீங்க. தொடறதுதான் என் வேலை. அட, நெஜமாத்தான். எங்க கம்பெனில மெஷின் கை ஒண்ணு செய்றாங்க. முட்டைய உடைக்காம எடுக்கணும், பாட்டில் மூடியத் தெறக்கணும், நோயாளியப் பிடிச்சு உக்கார வைக்கணும். அதுக்கு மனுஷங்க எப்படித் தொடறாங்கன்னு அது கத்துக்கணுமாம். அதனால மெல்லிசா ஒரு க்ளவுஸ் குடுத்தாங்க. உள்ளங்கை, விரல் நுனி எல்லாம் சென்சார். எவ்ளோ அழுத்தறோம், எவ்ளோ நேரம், எந்தப் பக்கமா இழுக்கறோம், ஒண்ணு விடாம பதிவாகும். வீட்டு வேலை செய்யும்போது மாட்டிக்கணும். சாயங்காலம் ஒக்காந்து ஒவ்வொரு பதிவுக்கும் பேரு வைக்கணும். தட்டு கழுவறது, துணி மடிக்கறது, முதுகு தேய்க்கறது, இப்படி.

அப்பாவ நான் பாத்துக்கறதாலதான் எனக்கு அங்க ஏக மரியாதை. படுக்கையில இருக்கறவங்களத் தொடற பதிவு வேற யார்கிட்டயும் இல்ல. மீட்டிங்ல என்னோடத எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டுவாங்க. பாருங்க, இதான் பாசமாத் தொடறதும்பாரு மேனேஜர். நானும் தலைய ஆட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பேன்.

தேடறதுதான் பெரிய தொல்லை. லட்சக்கணக்குல பதிவு கெடக்குது. ஒருத்தி தூக்கறதுன்னு எழுதுவா, இன்னொருத்தன் எடுக்கறதுன்னு எழுதுவான், ஒரு சோம்பேறி எல்லாத்துக்கும் சும்மான்னு எழுதி வச்சிருக்கான். சும்மான்னா என்னடா அர்த்தம்? எதத் தேடினாலும் பாதிதான் கெடைக்கும். நான்தான் யோசனை சொன்னேன். பேர நம்பாதீங்க, அழுத்தத்த வச்சு அடுக்குங்க. ஒரு பதிவக் காட்டினா, அதே மாதிரி வேகம், அதே மாதிரி அழுத்தம் உள்ளதெல்லாம், பேரு என்னவா இருந்தாலும் வரிசையா வந்து நிக்கணும்னேன். மேனேஜர் எழுந்து நின்னு கை தட்டினாரு. நல்லா வேணும் எனக்கு.

போன வாரம் அது ஓட ஆரம்பிச்சுது. டீம்ல ஒரு சின்னப் பொண்ணு, குருவின்னு கூப்பிடுவோம், ஒவ்வொரு பேரா எடுத்து, அதுல உள்ள பதிவெல்லாம் ஒண்ணு போல இருக்கான்னு பாத்துக்கிட்டு வந்தா. தலையணை தட்டறதுல நின்னுட்டா. அக்கா, உங்க தலையணை ஒண்ணு மட்டும் ஒரு மாதிரி இருக்கேன்னா. மேல மெத்துன்னு இருக்கு, உள்ள கட்டியா ஏதோ தட்டுப்படுதுன்னா. அதோட விட்டாளா? அடி விழுந்ததும் தலையணை தானாப் பின்னாடி போகுதுக்கான்னா.

தண்ணி குடிக்கறீங்களா? இல்ல, எனக்குத்தான் வேணும் போல.

என்ன சொன்னேன் தெரியுமா? வாய் கூசாம, பழைய தலையணைடி, பஞ்சு கட்டி தட்டிப்போச்சு, மெத்தையிலேருந்து வழுக்கியிருக்கும்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. கம்பெனி செலவுல புதுத் தலையணை வாங்கித் தரோம்னு மேனேஜர் வேற. நானும் சேந்து சிரிச்சேன் சிஸ்டர். அத நெனச்சா நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

ஆமா. அது தலையணை இல்ல, கைதான். அவரோட அந்த நல்ல கை. ஊட்டிவிட்டதத் துப்பிட்டாரு, இப்பத்தான் சட்டை மாத்தியிருந்தேன், பட்டுனு போட்டுட்டேன். அவரால அம்மான்னு கத்தக்கூட முடியாது. கைய மட்டும் பின்னாடி இழுத்துக்கிட்டாரு.

அப்படிப் பாக்காதீங்க. இல்ல, பாருங்க. பரவால்ல.

ஒரே ஒரு தடவைன்னுதான் எனக்கு நெனப்பு. சத்தியமா. மீட்டிங் முடிஞ்சதும் தனியா ஒக்காந்து, அந்தப் பதிவக் காட்டி, இதே மாதிரி உள்ளதெல்லாம் கொண்டான்னு கம்ப்யூட்டரக் கேட்டேன். வேற ஏதாவது இருந்தா அழிச்சிடலாம்னுதான், ஏன் பொய் சொல்லணும். கொண்டாந்து கொட்டிச்சு சிஸ்டர். மெத்தை உதறறது. மாவு அடிச்சுப் பெசையறது. துணி அடிச்சுத் தொவைக்கறது. எங்க வீட்டுல துணி தொவைக்கறது மெஷின். எல்லாத்துக்கும் நானே பேரு வச்சிருக்கேன், வச்ச கையோட மறந்தும் போயிருக்கேன்.

இல்ல, அழிக்கல. மனசு வரல. க்ளவுஸத் திருப்பிக் குடுத்துட்டேன். இனிமே நான் பதிவு பண்ண மாட்டேன், மத்தவங்க வைக்கற பேரச் சரிபாக்கற வேலை மட்டும் குடுங்கன்னு சொல்லிட்டேன். அதோட முடிஞ்சுதுன்னு நம்பினேன். ஏதோ அந்த க்ளவுஸ்தான் அடிச்ச மாதிரி.

இன்னிக்குக் காலைல டம்ளரத் தட்டிவிட்டாரு. வேணும்னு இல்ல, கை நடுங்கிடுச்சு. படுக்கை பூரா தண்ணி. நான் கையத் தூக்கறேன், அவரு கண்ண மூடிக்கிட்டு முகத்தத் திருப்பிக்கிட்டாரு. பழக்கமான மாதிரி. எங்கப்பா சிஸ்டர் அது. என் மேல ஒரு நாளும் கை நீட்டினதில்ல. அவரு அப்படித் திரும்பினதப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், அப்பவும் நான் நிறுத்தல. கை கழுவிட்டு நேரா நர்ஸ் அனுப்பற உங்க ஆபீசுக்குத்தான் போன் பண்ணேன்.

அதனால என்ன ஏற்பாடுன்னா, நான் ஆபீசுக்குப் போற அன்னிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து பாத்துக்குவாங்க, அன்னிக்கு நீங்க லீவு எடுத்துக்கலாம். நான் வீட்டுல இருக்கற நாள் மட்டும் தவறாம வந்துடுங்க.